சரிவது கரை, காரணம் மேட்டில்

பூங்காவுக்குள் ஓடும் ஓடையின் கரை சரிந்துவிட்டது என்று அழைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை அடி உயரத்துக்குச் சுவர் எழுப்பணும்?" நடைபாதையில் பாதியைக் காணோம், ஒரு பெரிய மரம் வேர் வெளியே தெரிய ஓடைப்பக்கம் சாய்ந்து நிற்கிறது, பக்கத்திலேயே குழந்தைகள் விளையாடுகிறார்கள் என்றால் யாருக்கும் அந்தப் பதற்றம் வரும். ஆனாலும் சுவரைப் பற்றிப் பேசுமுன் நான் அவர்களை ஓடைக்கு முதுகு காட்டி மேட்டுப்பக்கம் அழைத்துப் போவேன். எந்தக் கூரை, எந்தச் சாலை, எந்த வண்டி நிறுத்துமிடம் தன் மழைநீரை இந்த ஓடைக்குள் தள்ளுகிறது என்று தெரியாமல் கரையில் கைவைக்கவே கூடாது.

கணக்கு எளியது. ஒரு ஹெக்டேர் பரப்பில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுகிற நீர் 2,50,000 லிட்டர். அந்த இடம் மரமும் புதரும் மண்டிய நிலமாக இருந்தால் இலை கொஞ்சம் தாங்கும், மண் நிறையக் குடிக்கும், மீதிதான் மெல்ல ஓடைக்கு வரும். அதே இடம் கான்கிரீட்டும் தாரும் என்றால் ஏறக்குறைய அத்தனை நீரும் வடிகால் குழாய் வழியே சில நிமிடங்களில் ஓடையில் வந்து கொட்டும். நீரின் அளவு கூடுவதைவிட, அது வந்து சேரும் நேரம் சுருங்குவதுதான் கரைக்குப் பெரிய கேடு. அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் நீரியலாளர் லூனா லியோபோல்ட் 1968-லேயே இதை நகரத் திட்டமிடுவோருக்கு விளக்கிவிட்டார். கட்டடப் பரப்பும் வடிகாலும் பெருகப் பெருக, கரை நிரம்பி ஓடும் வெள்ளம் அடிக்கடி வரும். அதற்கு ஈடுகொடுக்க ஓடை தன் படுகையைப் பெரிதாக்கிக்கொள்ளும்.

இயற்கையான ஓடை பலவற்றில் கரை நிரம்பும் ஓட்டம் சராசரியாக ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை வரும். அந்த ஓட்டத்துக்கு ஏற்றபடியே படுகையின் அகலமும் ஆழமும் அமைந்திருக்கும். நகரத்து ஓடையில் அப்படிப்பட்ட ஓட்டம் ஒரே ஆண்டில் பலமுறை வந்துவிடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் மண்ணை உரசும் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். முதலில் அடி ஆழமாகும், கரை செங்குத்தாக நிற்கும், பிறகு பாளம் பாளமாக விழும்.

விழும் நேரத்தைக் கவனியுங்கள். வெள்ளம் உச்சத்தில் ஓடும்போது கரை பெரும்பாலும் நிற்கும். நீர் சட்டென்று இறங்கிய பிறகு, சில நேரம் வெயிலடிக்கும் மறுநாளில்கூட, அது இடிந்து விழும். ஓடையில் நீர் நிறைந்திருக்கும்வரை அந்த நீரே பக்கவாட்டில் கரையைத் தாங்கிப் பிடிக்கிறது. நீர் இறங்கியதும் தாங்கல் போய்விடுகிறது. ஊறிப்போன மண்ணின் எடையும் உள்ளே தேங்கிய நீரின் அழுத்தமும் மட்டும் மிஞ்சுகின்றன. விளிம்புக்கு இணையாக, இரண்டு மூன்று அடி உள்ளே தள்ளி, புல்லுக்கு நடுவே ஒரு மெல்லிய வெடிப்பு ஓடுகிறதா என்று குனிந்து பாருங்கள். இருந்தால் அந்தத் துண்டு ஏற்கெனவே கரையை விட்டுப் பிரியத் தொடங்கிவிட்டது. மழை விட்டாயிற்று என்று அங்கே வேடிக்கை பார்க்க நிற்பது ஆபத்து.

ஓடைக்குள் இறங்க வழியிருந்தால் எதிரே நின்று கரையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். மேலே புல்தரை. அதன் வேர் பெரும்பாலும் ஒரு சாணுக்குள் முடிந்து, அறுபட்ட விளிம்பில் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே வேரே இல்லாத மண். இன்னும் கீழே, நீர்மட்டத்தை ஒட்டி, கைத்தடியை உள்ளே நுழைத்தால் தடையில்லாமல் போகும் குடைவு. அடிக்கரை போனதால்தான் மேற்கரை விழுகிறது. புல்லை ஓடை விளிம்புவரை ஒட்ட வெட்டிப் பளிச்சென்று வைத்திருக்கும் பூங்காக்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். அழகுக்காகச் செய்வதுதான். கரைக்கு அது கேடு.

அடுத்து குழாய் வாய். சாலை வடிகால் ஓடையில் சேரும் இடத்தில் குழாய் அந்தரத்தில் தொங்கும், கீழே பள்ளம் பறிந்திருக்கும், எதிர்க்கரை குழிந்திருக்கும். பூங்காவிலேயே மோசமான சேதம் பல நேரம் இங்கேதான் இருக்கும். குழாயை ஓட்டத்தின் திசைக்குச் சாய்வாகத் திருப்பி, வாயில் பெருங்கற்களைப் பரப்பி, விழும் நீரின் வேகத்தை அங்கேயே அடக்கிவிட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

மீதிப் பாதி மேட்டில். வண்டி நிறுத்துமிடத்தின் ஓரக்கல்லை இடையிடையே வெட்டி, நீரைக் குழாய்க்குப் பதில் தாழ்வான செடிப் பாத்திக்குள் திருப்பலாம். மணலும் மக்கிய உரமும் கலந்த மண், அரையடி முக்கால் அடிக்கு நீர் தேங்க இடம், மீறினால் வழிந்தோட ஒரு வாய்: மழைத் தோட்டம் என்பது இவ்வளவுதான். "கொசு வருமே?" என்று கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆவது வழக்கம். வெப்பம் மிகுந்தால் சற்றுக் குறையும். பாத்தி ஒன்றிரண்டு நாளில் வடிந்தாக வேண்டும். வடியவில்லையென்றால் மண் கலவை தவறு அல்லது வண்டல் அடைத்துவிட்டது. நீர் நுழையும் இடத்தில் வண்டல் படிய ஒரு சிறு தொட்டி வைத்து, அதை அள்ளும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. தாழ்வான விளையாட்டுத் திடலையே பெருமழைக்கு நீர் தேக்கும் இடமாக வடிவமைப்பதும் உண்டு. சில மணி நேரம் தேங்கி, சிறு மதகு வழியே மெதுவாக வடியும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் கரை. செங்குத்தாக நிற்கும் கரையை வெட்டிச் சாய்த்து, ஓரடி உயரத்துக்கு இரண்டடி, இடமிருந்தால் மூன்றடி அகலம் என்று சரிவு கொடுக்கிறோம். அடிக்கரையைக் கல்லாலோ தென்னை நார் உருளையாலோ பிடிக்கிறோம். சரிவின்மேல் தென்னை நார் விரிப்பு போட்டு முளையடித்து, அதைத் துளைத்துச் செடி நடுகிறோம். விரிப்பு சில ஆண்டுகளில் மக்கிப்போகும். அதற்குள் வேர் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. வெப்பப் பகுதிகளில் வெட்டிவேரும் நொச்சியும் கைகொடுக்கும். வெட்டிவேர் நல்ல மண்ணில் ஓராண்டிலேயே ஆளுயரத்துக்கு மேல் ஆழம் போகும். நொச்சியைப் போத்தாக வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும். குளிர்நாடுகளில் இதே வேலைக்கு வில்லோ மரப் போத்துகளை ஊன்றுகிறார்கள்.

கல்லும் சுவரும் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாலத்தின் அடியில், கழிவுநீர்க் குழாய் கரையை ஒட்டிப் போகும் இடத்தில், கட்டடம் விளிம்பில் நிற்கும் இடத்தில் அவை தேவை. ஆனால் ஓடை நெடுகச் சுவர் கட்டினால் வழவழப்பான பரப்பில் நீர் இன்னும் வேகம் பிடிக்கும். சுவர் முடிகிற இடத்தில் அடுத்த கரையை அறுக்கும், சுவரின் கடைக்காலையும் பறிக்கும். பக்கத்துப் பூங்காவுக்குச் சேதத்தை அனுப்பிவைக்கும் வேலையை நான் செய்ய விரும்புவதில்லை.

சிங்கப்பூரின் பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் இதையே பெரிய அளவில் செய்தார்கள். காலாங் ஆறு அங்கே 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாயாக ஓடியது. கான்கிரீட்டை உடைத்தெடுத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றி, 2012-இல் திறந்தார்கள். நீளம் கூடினால் சரிவு குறையும், வேகமும் குறையும். பெருமழையில் ஆறு பூங்காவுக்குள் அகலமாகப் பரவ இடம் விட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய பொறுமை: செடியும் கல்லும் நாரும் சேர்ந்த உத்திகளை முதலில் ஒரு சிறு கால்வாயில் சோதித்துப் பார்த்து, நின்றவற்றைத்தான் ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். நீர் ஏறினால் மக்களை எச்சரிக்கும் ஏற்பாடும் வைத்தார்கள். நீரை உள்ளே விடும் எந்தப் பூங்காவுக்கும் அது கட்டாயம் என்பேன்.

உங்கள் பூங்காவில் இப்படி ஒரு வேலை வருமானால் ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, குறைந்தது இரண்டு ஆண்டுப் பராமரிப்பு. பட்டுப்போன செடிக்கு மறுநடவு, முதல் கோடையில் தண்ணீர், குழாய் வாயில் சிக்கும் பிளாஸ்டிக்கை எடுப்பது எல்லாம் அதில் அடங்க வேண்டும். வேர் பிடிக்கும் முன் வரும் முதல் பெருமழைதான் மிக ஆபத்தான கட்டம். ஆகவே மழைக்காலம் நெருங்கும்போது மண்ணை வெட்டித் திறந்துபோட விடாதீர்கள். இரண்டாவது, அளவெடுப்பு. கரையில் கிடைமட்டமாக இரும்புக் கம்பிகளை அடித்து, ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் கம்பி எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்று குறித்துவைக்கலாம். அதே இடத்தில் நின்று படமும் எடுத்துவைத்தால் போதும். கரை நிற்கிறதா, நகர்கிறதா என்பது ஓராண்டில் தெரிந்துவிடும்.

நடைபாதையைப் பழைய இடத்திலேயே திரும்பப் போடச் சொல்லி வற்புறுத்துவார்கள். சில மீட்டர் உள்ளே தள்ளிப் போடுங்கள். ஓடையைப் பார்க்க விரும்புகிறவர்கள் இறங்க ஓரிடத்தில் கல் படி கட்டிக்கொடுத்தால், செடி நட்ட சரிவில் மிதித்து இறங்கமாட்டார்கள்.