கடைசிப் பெட்டி வருவதற்குள் முடிந்துவிடும் கெடு

தீபாவளித் தள்ளுபடி விற்பனை ஓய்ந்த பிறகு வரும் இரண்டு மூன்று வாரங்களில், சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய எங்கள் சர்வீஸ் மேசைக்கு ஒரே விதமான பைகள் வந்து சேரும். துணிக்கடைப் பை ஒன்றில் மதர்போர்டு, ப்ராசசர், ராம், மற்றவற்றுக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். ஆகியவற்றின் பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் வெவ்வேறு இணையக் கடையில், வெவ்வேறு நாளில், அன்றைக்கு எங்கே விலை குறைவோ அங்கே வாங்கப்பட்டிருக்கும். கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்வதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். பாகங்களை நான் விற்பதில்லை. ஆகவே இன்ன கடையில் வாங்குங்கள் என்று சொல்வதால் எனக்கு ஆதாயம் எதுவும் இல்லை. பழுதான பாகத்தைத் திருப்பிக் கொடுக்க வழியின்றி மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் சொல்லிவருவதையே இங்கே எழுதுகிறேன்.

பெரம்பூரிலிருந்து ஒரு தந்தையும் மகளும் வந்திருந்தார்கள். மகள் கட்டடக்கலை படிக்கிறாள். வரைபட மென்பொருள்களுக்காக ஒரு நல்ல சிஸ்டம் வேண்டும். தந்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் விலைகளை வரிசையாக எழுதிவைத்து, ராமைச் செப்டம்பர் கடைசியிலும், போர்டை அக்டோபர் முதல் வாரத்திலும், ப்ராசசரை அதற்கு அடுத்த வாரத்திலும், கிராபிக்ஸ் கார்டை நவம்பர் தொடக்கத்திலுமாக நான்கு இடங்களில் வாங்கியிருந்தார். அப்படி வாங்கியதில் அவருக்கு ஏறத்தாழ மூவாயிரம் ரூபாய் மிச்சம். எல்லாவற்றையும் பொருத்தி மின்சாரம் கொடுத்தபோது டிஸ்ப்ளே வரவில்லை. ராம் துண்டுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பார்த்ததில், போர்டில் இருந்த ஒரு ராம் ஸ்லாட் வேலை செய்யவில்லை என்பது தெரிந்தது. போர்டைத் திருப்பித் தருவதற்கு இருந்த கெடு 7 நாள். அது முடிந்து மூன்று வாரத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

“சார், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருந்தோமே, அது எப்படிக் கெட்டுப்போகும்?” என்று அவர் கேட்டார். போர்டு அவர் வீட்டில் கெட்டுப்போகவில்லை, கெட்டதாகவே வந்திருக்கிறது என்று நான் சொன்னபோது அவர் முகம் மாறியதை மறக்க முடியவில்லை. ஏனென்றால் அவர் செய்த ஒரே தவறு, மற்ற பாகங்கள் வரும்வரை பொறுமையாகக் காத்திருந்ததுதான்.

செல்போனோ மிக்சியோ வாங்கினால் அன்றைக்கே இயக்கிப் பார்த்துவிடலாம். கம்ப்யூட்டர் பாகத்தைத் தனியாக இயக்கிப் பார்க்க வழியில்லை. போர்டு, ப்ராசசர், ராம், எஸ்.எம்.பி.எஸ். ஆகிய நான்கும் கையில் இருந்தால்தான் அவற்றில் ஒன்றாவது நன்றாக இருக்கிறதா என்று தெரியவரும். ஆனால் திருப்பித் தருவதற்கான கெடு பெட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. இணையக் கடைகளை ஒப்பிட உட்காரும்போது நோட்டுப் புத்தகத்தில் விலைக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு விவரங்களை எழுதிக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்: பொருள் எந்தத் தேதியில் வரும், திருப்பித் தருவதற்கான கடைசி நாள் எது. அந்த நான்கு பாகங்களுக்குமான கடைசி நாள்களில் மிக முந்தியது, நான்காவது பாகம் வந்து சேரும் நாளைத் தாண்டி இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் அந்தத் தள்ளுபடியை விட்டுவிடுவதே நல்லது.

முடிந்தவரை இந்த நான்கையும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்குங்கள். கேபினெட், மானிட்டர், கீபோர்டு, மௌஸ் ஆகியவற்றை எங்கே விலை குறைவோ அங்கே தாராளமாக வாங்கலாம். ஒரே கடை என்று சொல்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. டிஸ்ப்ளே வராத சிஸ்டத்தில் குற்றம் போர்டிலா, ராமிலா, ப்ராசசரிலா என்பது மாற்றுப் பாகம் போட்டுப் பார்க்காமல் தெரியாது. வீட்டில் மாற்றுப் பாகம் இருக்காது. மூன்றையும் மூன்று பேரிடம் வாங்கியிருந்தால், ஒவ்வொருவரும் அடுத்தவர் பாகத்தின் மேல் பழியைப் போட முடியும். ஒருவரிடமே வாங்கியிருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

கடைகளை ஒப்பிடும்போது முதலில் கவனிக்க வேண்டியது, விற்பவர் யார் என்பது. அமேசான், ஃப்ளிப்கார்ட் போன்றவை சந்தைத் தளங்கள். பில் போடுபவர் அங்கே கடை விரித்திருக்கும் வேறொரு விற்பனையாளர். ஒரே பொருளின் பக்கத்தில் இன்றைக்கு ஒரு விற்பனையாளரும் நாளைக்கு மற்றொருவரும் முன்னால் இருப்பார்கள். அந்தப் பெயரைத் தொட்டு, முகவரியையும் பழைய வாங்குநர்களின் கருத்துகளையும் படித்த பிறகே பணம் கட்ட வேண்டும். இந்தத் தளங்களில் பாகங்களுக்குப் பெரும்பாலும் 7 அல்லது 10 நாள் கெடு இருக்கும். பல பாகங்களுக்கு மாற்றுப் பொருள் மட்டுமே தருவார்கள், பணம் தர மாட்டார்கள். வீட்டுக்கே வந்து எடுத்துச் செல்வது இவர்களுடைய பெரிய வசதி. இவர்கள் தரும் பில்லில் சீரியல் நம்பர் பெரும்பாலும் இருக்காது என்பது குறை. தகராறு வந்தால் இந்தப் பெட்டிதான் அந்தப் பெட்டி என்று நிறுவுவது வாங்கியவர் தலையில் விழுகிறது.

கொல்கத்தாவின் எம்.டி. கம்ப்யூட்டர்ஸ், வேதாந்த் கம்ப்யூட்டர்ஸ், மும்பையின் பிரைம் ஏபிஜிபி, நம் சென்னையின் தி ஐ.டி. டிப்போ போன்றவை கம்ப்யூட்டர் பாகங்களையே தொழிலாகக் கொண்டவை. இப்படிப்பட்ட கடைகளின் பில்லில் சீரியல் நம்பர் அச்சாகி வருவதைத்தான் நான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன். எந்த போர்டுக்கு எந்த ப்ராசசர் பொருந்தும் என்று கேட்டால் விவரம் தெரிந்தவர் பதில் சொல்வார். திருப்பித் தருவதில் மட்டும் இத்தகைய கடைகளின் விதிகளைச் சொல்லுக்குச் சொல் படிக்க வேண்டும். பொருள் வந்து சில நாள்களுக்குள் சொன்னால் மட்டும் தாங்களே பார்ப்பதாகவும், அதன் பிறகு கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு நேரே போகும்படியும் எழுதியிருப்பவர்கள் உண்டு. திரும்ப அனுப்பும் கூரியர் செலவு யாருடையது என்பதையும் பாருங்கள். ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்து வாங்கிய போர்டை நன்றாகப் பொதிந்து வேறு மாநிலத்துக்கு அனுப்பினால் அந்த மிச்சம் வழியிலேயே கரைந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே, விலை சற்றுக் கூடினாலும், அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்து போய்க் கொடுக்கக்கூடிய தொலைவில் இருக்கும் கடையில் போர்டை வாங்கும்படி என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே தரும் பில் வெப்பக் காகிதமாக இருந்தால் அன்றே படம் எடுத்துவையுங்கள். மூன்று ஆண்டு வாரண்டி உள்ள பொருளின் பில்லில் ஓராண்டிலேயே எழுத்து மங்கிவிடும்.

மாற்றுப் பொருளா, பணமா என்ற வேறுபாட்டைச் சிறியதாக எண்ண வேண்டாம். 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ராம் விலை மளமளவென்று ஏறியபோது, பழுதான ராமைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கிய சிலரால் அதே பணத்துக்கு அதே ராமை மீண்டும் வாங்க முடியவில்லை. விலை ஏறும் காலத்தில் மாற்றுப் பொருள் தருபவரும், விலை இறங்கும் காலத்தில் பணம் தருபவரும் வாங்குபவருக்கு நல்லவர்கள்.

பார்சல் வந்த பிறகு செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். வெளிப்பெட்டியின் ஆறு பக்கங்களையும், முகவரித் தாளையும், ஒட்டுத்தாள் கிழிபடாமல் இருப்பதையும் காட்டிவிட்டு, நிறுத்தாமல் ஒரே வீடியோவாகப் பிரித்து, உள்ளே உள்ள பொருளின் சீரியல் நம்பர் தெளிவாகத் தெரியும்வரை எடுங்கள். நடுவில் நிறுத்தி மீண்டும் தொடங்கிய வீடியோவைச் சான்றாக ஏற்க மறுப்பார்கள். ஃப்ளிப்கார்ட்டில் சில பொருள்களுக்கு உள்ளதுபோல் வாசலிலேயே பெட்டியைத் திறந்து காட்டும் முறை கிடைத்தால், பொருளைப் பார்க்கும் முன் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீர்கள். மழைக்காலத்தில் நனைந்த பெட்டி வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுவதே மேல்.

ஹார்ட் டிஸ்க், எஸ்.எஸ்.டி. ஆகியவற்றை இணைத்தவுடன் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் இயங்கிய நேரத்தைப் பாருங்கள். புதிய பொருளில் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில், பல்லாயிரம் மணி நேரம் ஓடிய ஹார்ட் டிஸ்க்குகளின் கணக்கைப் பூஜ்யமாக்கிப் புதியது என்று விற்றது வெளிச்சத்துக்கு வந்தது. டிஸ்க்கின் உள்ளே வேறொரு பதிவில் உண்மையான நேரம் அழியாமல் இருந்ததால் அந்த மோசடி பிடிபட்டது. ஆகவே, கம்பெனியின் இணையதளத்தில் சீரியல் நம்பரைப் போட்டு, வாரண்டி இந்தியாவுக்கு உரியதா, முடியும் தேதி சரியாக இருக்கிறதா என்பதையும் கெடுவுக்குள் பார்த்துவிட வேண்டும். பெட்டி இல்லாமல் தனியாக வரும் ப்ராசசருக்கு, பெட்டியோடு வரும் இன்டெல், ஏ.எம்.டி. ப்ராசசர்களுக்கு உள்ள மூன்றாண்டு வாரண்டியைக் கம்பெனியிடம் நேரே கேட்க முடியாது. விற்றவர்தான் பொறுப்பு என்பதால் அவர் நிலைத்து இருப்பவரா என்று யோசியுங்கள்.

பழுதே இல்லாத பாகங்கள் திரும்பப் போவதையும் நான் அடிக்கடி பார்க்கிறேன். ஏ.எம்.டி. ப்ராசசர்களுக்கான ஏ.எம்.5 சாக்கெட் (ப்ராசசர் பொருந்தும் இடம்) உள்ள போர்டில் டி.டி.ஆர்.5 வகை ராம் போட்டு முதல் முறை இயக்கும்போது, ராமைப் பழக்கிக்கொள்ள போர்டுக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பதறிப்போய் மின்சாரத்தை நிறுத்தினால், அடுத்த முறை அது முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடமாவது தொடாமல் காத்திருங்கள். இன்டெல் ப்ராசசர் எண்ணின் முடிவில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதில் கிராபிக்ஸ் வசதி கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் டிஸ்ப்ளே வரவே வராது. கார்டு போட்டிருந்தும் மானிட்டர் கேபிளை போர்டில் செருகியிருப்பவர்கள் பலர். ஏ.எம்.டி.யின் ரைசன் 9000 வரிசை ப்ராசசரை, முன்பே தயாரித்துக் கிடங்கில் இருந்த பி650 வகை போர்டில் போட்டால், போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை மேம்படுத்தும்வரை இயங்காமல் போகலாம். இவற்றையெல்லாம் பழுது என்று சொல்லி அனுப்பினால், அங்கே சோதித்து நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் கெடு முடிந்திருக்கும்.

கேபினெட்டில் பூட்டுவதற்கு முன், போர்டை அது வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே வைத்து, ப்ராசசர், கூலர், ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ். மட்டும் (எஃப் ப்ராசசர் என்றால் கிராபிக்ஸ் கார்டும்) இணைத்து இயக்கிப் பாருங்கள். அதற்கு முன் சாக்கெட்டைக் கிட்டத்தில் இருந்து படம் எடுங்கள். இன்டெல் போர்டுகளிலும் ஏ.எம்.5 போர்டுகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெல்லிய பின்கள் சாக்கெட்டிலேயே இருக்கின்றன. சாய்வாக வெளிச்சம் காட்டிப் பார்த்தால் அவை வயலில் நட்ட நாற்றுபோல் ஒரே சீராகத் தெரியும். ஒன்று சாய்ந்திருந்தாலும் அந்த வரிசை மட்டும் வேறு விதமாக மின்னும். அந்தப் படம் என்னிடம் இல்லாததால் ஒரு முறை நான் நட்டப்பட்டேன். வந்தபோதே பின் வளைந்திருந்த ஒரு போர்டை, கையாண்டதில் ஏற்பட்ட சேதம் என்று சொல்லி விற்றவர் ஏற்கவில்லை. சாக்கெட்டை மூடியிருந்த கறுப்பு மூடியையும் நான் தூக்கி எறிந்திருந்தேன். வாடிக்கையாளர் என்னை நம்பிப் பெட்டியைக் கொடுத்தவர் என்பதால், புது போர்டுக்கு என் பணத்தைக் கொடுத்தேன். அன்றிலிருந்து அந்த மூடி ஒவ்வொன்றையும் போர்டு பெட்டிக்குள் போட்டு வைக்கிறேன். அது இல்லாமல் பல சர்வீஸ் சென்டர்களில் போர்டை வாங்கவே மாட்டார்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் விற்பவர் மறுத்தால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்பப் பெறவும் பணத்தைத் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது. ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை அமர்த்தி, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளர் சேவை எண்ணில் மணிக்கணக்கில் பேசுவதைவிட, அந்த அலுவலருக்குத் தேதிகளையும் சீரியல் நம்பரையும் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புவது பலன் தருவதை நான் கண்டிருக்கிறேன். அதற்கும் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை கொல்கத்தாவில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் சென்னையிலேயே வழக்குத் தொடுக்கலாம்; 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் இல்லை; இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும்.

பெரம்பூர் மாணவியின் போர்டைக் கம்பெனி வாரண்டியில்தான் அனுப்ப முடிந்தது. ஐந்து வாரம் ஆயிற்று. அதுவரை அவள் கல்லூரி ஆய்வகத்தில் இரவு வரை இருந்து வரைபடங்களை முடித்தாள். திரும்பி வந்தது பழைய போர்டு இல்லை, அதே மாடலில் வேறொன்று. அதன் சீரியல் நம்பர் பில்லில் இருந்த எண்ணோடு ஒத்துப்போகவில்லை. சர்வீஸ் சென்டரில் மாற்றித் தந்ததற்கான தாளில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதி முத்திரை வைத்துத் தரும்படி தந்தையிடம் சொல்லி அனுப்பினேன். மறுநாள் அவர் அந்தத் தாளையும் பழைய பில்லையும் ஒன்றாகச் சேர்த்துப் பின் அடித்து, அந்த நோட்டுப் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டிக் கொண்டுவந்து காட்டினார்.