பொருளடக்கத்துக்குப் பக்க எண் எங்கிருந்து வருகிறது?

கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் ஒரு கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்றால் கூடவே ஒரு மலரும் வரும். தல வரலாறு, திருப்பணிக் கமிட்டியின் நன்றியுரை, உள்ளூர்த் தமிழாசிரியர்கள் எழுதிய கட்டுரைகள், இடையிடையே நகைக்கடை, பாத்திரக்கடை, காபித்தூள் கடை விளம்பரங்கள். கட்டுரைகள் எப்படியோ முன்னாலேயே வந்து சேர்ந்துவிடும். விளம்பரம்தான் பிளேட் போடப் போகிற நேரத்தில் வரும், அதுவும் “முழுப் பக்கம், முன்னாடியே போட்டுடுங்க” என்ற கட்டளையோடு. ஒற்றைப் பக்கமாகச் செருகினால் அதற்குப் பின்னால் வலப்பக்கமெல்லாம் இடப்பக்கமாக மாறும் என்பதால், பின்பக்கத்துக்கு இன்னொரு விளம்பரம் பிடித்து முழுத் தாளாகவே சேர்ப்பார்கள். சரி, இப்போது எட்டாம் பக்கத்துக்குப் பிறகு இருக்கிற கட்டுரை ஒவ்வொன்றும் இரண்டு பக்கம் தள்ளிப் போய்விட்டது. பொருளடக்கத்தில் கையால் அடித்துவைத்த எண்களில் பெரும்பாலானவை தப்பு.

இந்த எண்களை மென்பொருளே போட்டுத் தரும். கணினியில் பக்கம் அமைத்துத் தரும் டி.டி.பி. சென்டர்கள் பலவற்றில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் பேஜ்மேக்கரிலேயே அந்த வசதி உண்டு. 1985இல் ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்து, 1994இல் அடோபியிடம் போய், 2001இல் வந்த 7.0 பதிப்போடு வளர்ச்சி நின்றுபோன மென்பொருள் அது. அடுத்து வந்த இன்டிசைனில் வசதி இன்னும் அதிகம். ஆனாலும் பொருளடக்கத்தைக் கையால் அடிப்பவர்களே அதிகம் என்று நினைக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததால் வரும் அவநம்பிக்கைதான் காரணம்.

எழுத்து பெரிதாக, தடிப்பாக, சிவப்பாக இருந்தால் அது தலைப்பு என்று நம் கண்ணுக்குத் தெரிகிறது. மென்பொருளுக்குத் தெரியாது. அது பார்ப்பது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு பத்திக்கும் சூட்டப்பட்டிருக்கும் ஸ்டைலின், அதாவது எழுத்துரு, அளவு, நிறம் எல்லாம் சேர்த்துச் சேமித்த அமைப்பின், பெயர். ‘தலைப்பு’ என்று ஒரு பாராகிராஃப் ஸ்டைல் வைத்திருந்தால், பேஜ்மேக்கரில் அந்த ஸ்டைலின் பத்தி அமைப்பிலேயே ‘பொருளடக்கத்தில் சேர்’ என்று டிக் செய்ய ஒரு கட்டம் இருக்கும். இன்டிசைனில் எந்தெந்த ஸ்டைல்கள் வேண்டும், எது முதல் நிலை, எது இரண்டாம் நிலை என்று ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். பிறகு மென்பொருள் பத்தி பத்தியாகப் போய், பெயர் பொருந்துகிற இடத்தில் மட்டும் நின்று, அந்த எழுத்துகளைப் பிரதி எடுத்து, அந்தப் பத்தி எந்தப் பக்கத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்து, அருகில் எண்ணை எழுதிக்கொள்கிறது. இன்னொரு ஸ்டைல் அந்த வரியை அலங்கரிக்கிறது. தலைப்புக்கும் எண்ணுக்கும் நடுவில் உள்ள புள்ளி வரிசைகூட யாரும் அடித்த புள்ளிகள் இல்லை. நடுவில் இருப்பது ஒரே ஒரு டேப். மிச்சமிருக்கும் இடத்தைப் புள்ளியால் நிரப்பு என்பது அந்த டேப்புக்குக் கொடுத்த உத்தரவு.

பெயரை மட்டும் பார்க்கிற இந்தக் கண்டிப்பால்தான் வேடிக்கைகள் நடக்கும். “திருப்பணி வரலாறும் திருவிழாக்களும்” என்ற தலைப்பு ஒரு வரியில் அடங்கவில்லை என்று நடுவில் எண்டர் தட்டினால், பக்கத்தில் அழகாகத்தான் இருக்கும். மென்பொருளைப் பொறுத்தவரை அது இரண்டு பத்தி. பொருளடக்கத்தில் ‘திருப்பணி வரலாறும்’ ஒரு வரி, ‘திருவிழாக்களும்’ இன்னொரு வரி, இரண்டுக்கும் ஒரே பக்க எண். ஷிப்டை அழுத்திக்கொண்டு எண்டர் தட்டினால் வரி மட்டும்தான் உடையும், பத்தி உடையாது. அதேபோல, பார்க்க நன்றாக இருக்கிறதே என்று கட்டுரையாளர் பெயருக்கும் தலைப்பு ஸ்டைலைப் போட்டுவிட்டால் அவரும் பட்டியலில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

பக்க எண்தான் இதில் ருசியான பகுதி. தலைப்பு எந்தப் பக்கம் என்பது தலைப்பிலேயே எழுதியிருக்கும் தகவல் இல்லை. எழுத்தளவு, வரி இடைவெளி, படங்களின் அளவு எல்லாம் சேர்ந்து கடைசியில் தீர்மானமாகிற விளைவு அது. ஒன்றோடொன்று இணைத்த சட்டகங்கள் (எழுத்தைத் தாங்கும் பெட்டிகள்) வழியாக ஓடும் எழுத்து, கல்லணையில் திறந்த தண்ணீர் வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வரை போகிற மாதிரிதான்: தலைப்பகுதியில் இரண்டு வரி கூட்டினாலும் அதன் பாதிப்பு கடைசிச் சட்டகத்தில் தெரியும். இன்டிசைன் மாதிரி மென்பொருள் முழுப் பக்க அமைப்பையும் கையில் வைத்திருப்பதால், நாம் கேட்கிற நொடியில் எண்ணைச் சொல்லிவிடும். ஆனால் பொருளடக்கத்தில் எழுதிவைத்த எண் அந்த நொடியின் பிரதி மட்டுமே. அப்புறம் விளம்பரம் செருகினால் அது தானாக மாறாது. ‘புதுப்பி’ என்று சொன்னால்தான் மாறும். அப்படிப் புதுப்பிக்கும்போது பொருளடக்கத்துக்குள் கையால் செய்த திருத்தங்கள் எல்லாம் அழிந்துபோகும். திருத்தத்தைக் கட்டுரையின் தலைப்பில் செய்துவிட்டுப் புதுப்பிப்பதே வழி.

கணினி அறிஞர் டொனால்ட் குனுத் 1978இல் வெளியிட்ட டெக் என்ற பக்க அமைப்பு மென்பொருளும், அதன்மேல் எழுந்த லேடெக்கும் வேறு வழியில் போகின்றன. அன்றைய கணினிகளின் நினைவகம் சிறியது. ஒரு பக்கத்தை முடித்து வெளியே அனுப்பியதும் டெக் அதை மறந்துவிடும். பத்தியை அமைக்கிற நேரத்தில் அது எந்தப் பக்கத்தில் போய் விழும் என்பது டெக்குக்கே தெரியாது. அதனால் தலைப்போடு கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பை ஒட்டி அனுப்புகிறது. பக்கம் முடிந்து வெளியேறுகிற கணத்தில்தான் அந்தக் குறிப்பு விழித்துக்கொண்டு, தலைப்பையும் எண்ணையும் தனிக் கோப்பில் எழுதும். அடுத்த முறை ஓட்டும்போது அந்தக் கோப்பைப் படித்துப் பொருளடக்கம் உருவாகும். லேடெக்கை ஏன் இரண்டு தடவை ஓட்டச் சொல்கிறார்கள் என்பதற்கு விடை இதுதான்.

சில சமயம் மூன்று தடவை. ஏனென்றால் பொருளடக்கமும் இடம் பிடிக்கும். ஒரு பக்கமாக இருந்தது இரண்டு பக்கமானால், அது சொல்லிக்கொண்டிருந்த எண்கள் அதன் காரணமாகவே தப்பாகிவிடும். திரும்பக் கணக்கிட வேண்டும், எண்கள் மாறாமல் நிலைக்கும்வரை. இன்டிசைனிலும் பொருளடக்கம் பக்கம் தாண்டி வளர்ந்தால் இன்னொரு முறை புதுப்பிக்க வேண்டியதுதான்.

ஈய எழுத்துக் காலத்தவர்கள் இந்தச் சிக்கலைக் கணக்கே போடாமல் தாண்டினார்கள். தரங்கம்பாடியில் ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்குவின் அச்சகம் 1714-15இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதிலிருந்து, நேற்றுவரை இருந்த லெட்டர்பிரஸ்கள் வரை, கை அச்சுக்கோப்பில் எழுத்தைக் கலைத்துக் கலைத்துத்தான் அடுத்த ஃபாரத்துக்கு (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களுக்கு) பயன்படுத்த முடியும். அச்சான பக்கம் அச்சானதுதான். ஆகவே நூலின் உடலை ஒன்றிலிருந்து எண்ணிட்டு முதலில் முடிப்பதும், முன்னுரையையும் பொருளடக்கத்தையும் கடைசியில், ரோமன் எண்ணோ வேறு தனி எண்ணோ போட்டுச் சேர்ப்பதும் வழக்கமானது. பொருளடக்கம் எத்தனை பக்கம் வீங்கினாலும் உள்ளே ஒரு எண்ணும் அசையாது. மலர் போடுபவர்களுக்கு இன்றும் இதைவிட நல்ல யோசனை இல்லை: கடைசி நேர விளம்பரங்களையும் அந்த முன்பகுதியிலேயே தள்ளிவிடலாம்.

தமிழில் இன்னொரு தொல்லை உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்றுதான் கிடக்கிறது. தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேலை. பொருளடக்க வரிக்கான ஸ்டைலில் அதே எழுத்துரு இல்லையென்றால் பட்டியல் முழுக்க ஆங்கில எழுத்துக் குவியல் வந்து நிற்கும். மென்பொருள் கெடுத்துவிட்டது என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோடில் இந்தப் பிரச்சினை வராது, வேறொன்று வரும். ‘கெ’யில் கொம்பு முதலில் தெரிந்தாலும் சேமிப்பில் ககரத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதை இடம் மாற்றிக் காட்ட இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற வரி அமைக்கும் வசதி வேண்டும். அந்த அமைப்பு பத்தி ஸ்டைலில் இருப்பது. கட்டுரை ஸ்டைலில் வைத்துவிட்டுப் பொருளடக்க ஸ்டைலில் வைக்க மறந்தால், உள்ளே ஒழுங்காக இருக்கிற கொம்பு பட்டியலில் மட்டும் இடம் மாறி நிற்கும்.

இப்போது மலரை பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப்பிலும் அனுப்புகிறார்கள். மென்பொருள் போட்ட பொருளடக்கம் என்றால் வரியைத் தொட்டதும் அந்தப் பக்கத்துக்குப் போகும்படி இணைப்போடு ஏற்றுமதி செய்யலாம், ஓரத்தில் புக்மார்க்குகளும் வரும். கையால் அடித்ததில் இது தானாகக் கிடைக்காது. ஒன்று மட்டும்: புக்மார்க்குக்கு நாம் எழுத்துரு கொடுக்க முடியாது, பார்க்கிற கருவியின் எழுத்துருதான். பாமினியில் செய்த மலராக இருந்தால் அச்சில் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அந்த ஓரத்தில் ஜேயும் கேயும்தான் தெரியும். அதற்குத் தலைப்புகளையாவது யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.