கிராஃபிக்ஸ் கார்டில் மெமரியை மட்டும் ஏன் கூட்ட முடியவில்லை?

1990-களின் நடுவில் வந்த எஸ்3 ட்ரையோ64 கிராஃபிக்ஸ் கார்டுகள் பலவற்றில் 1 எம்பி மெமரி இருக்கும், பக்கத்தில் இரண்டு காலி சாக்கெட்டும் இருக்கும். 1024×768 திரையில் 256 நிறத்துக்கு 0.75 எம்பி போதும். 65,536 நிறத்துக்கு 1.5 எம்பி வேண்டும். தலா 512 கேபி சிப் இரண்டை வாங்கி, மூலைக்குறி பார்த்து அழுத்தினால் வேலை முடிந்தது. 32 பிட் அகலத்தில் ஓடிய மெமரிப் பாதையும் 64 பிட்டாகிவிடும்.

இன்று அந்த சாக்கெட் இல்லை. கம்பெனிக்காரர்களின் பேராசை என்பார்கள், பாதி உண்மை. மீதிப் பாதி இயற்பியல். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3070 கார்டின் மெமரி சிப்பில் ஒவ்வொரு டேட்டா இணைப்பும் நொடிக்கு 1,400 கோடி பிட் கடத்துகிறது. ஒரு பிட்டுக்குக் கிடைப்பது 71 பைக்கோநொடி (ஒரு பைக்கோநொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). அதற்குள் போர்டின் செம்புத் தடத்தில் சிக்னல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் நகரும். நடுவே சாக்கெட் வைத்தால் அந்த இடத்தில் சிக்னலில் கொஞ்சம் மோதித் திரும்பி, பின்னால் வரும் பிட்டைக் கெடுக்கும். அதனால்தான் சிப்புகளை ஜிபியு என்ற முதன்மைச் சிப்புக்கு நெருக்கமாகவே சால்டர் செய்கிறார்கள். கணினியில் சாக்கெட்டில் செருகி இரண்டு சேனலில் ஓடும் டிடிஆர்4-3200 ராம் தருவது நொடிக்கு 51.2 ஜிபி, இந்தக் கார்டு தருவது 448 ஜிபி.

அப்படியும் 3070-ஐ 16 ஜிபி ஆக்கியவர்கள் உண்டு. 1 ஜிபி சிப் எட்டையும் கழற்றி 2 ஜிபி சிப் வைக்க வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் 180 சால்டர் உருண்டைகள். ஈயமில்லா சால்டர் உருக 217 டிகிரி தாண்ட வேண்டும். போர்டைக் கீழிருந்தும் சூடாக்காமல் மேலே மட்டும் ஹாட் ஏர் அடித்தால் போர்டு வளையும், சிப் ஒட்டியிருக்கும் செம்புப் பேடு பெயர்ந்து வரும். ஓர் உருண்டை ஒட்டாவிட்டாலும் திரையில் கோடுகள் தெரியும், அல்லது கார்டு எழும்பாது. இவ்வளவும் சரியாக அமைந்தாலும் கார்டு 8 ஜிபி என்றே காட்டும். எந்த சிப் இருக்கிறது என்பதைச் சில குட்டி ரெசிஸ்டர்களின் இருப்பிடத்தைப் பார்த்தே பயாஸ், அதாவது கார்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருள், முடிவுசெய்கிறது. அவற்றையும் இடம் மாற்ற வேண்டும். இதில் கொள்ளளவுதான் இரட்டிப்பாகும், வேகம் அதே 448.

தயாரிப்பாளரே கூட்டித் தந்தால் எவ்வளவு கேட்பார்? 2023-இல் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ 8 ஜிபி 399 டாலர், 16 ஜிபி 499 டாலர். போர்டின் பின்புறம் நான்கு சிப் கூடுதல், அவ்வளவுதான். அந்தப் பாதி உண்மை இங்கேதான் வருகிறது.

லேப்டாப்பில் கிராஃபிக்ஸைக் கழற்றி மாட்ட எம்எக்ஸ்எம் என்ற தரநிலை 2004-லேயே வந்தது. பல சமயம் கனெக்டர் பொருந்தும், ஹீட்சிங்க் பொருந்தாது, இல்லையென்றால் லேப்டாப்பின் பயாஸ் ஏற்காது. ஃப்ரேம்வொர்க் லேப்டாப் 16 இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது: ஜிபியு, ஹீட்சிங்க், ஃபேன் எல்லாம் ஒரே மாட்யூலாக லேப்டாப்பின் பின்பக்கம் செருகிக்கொள்ளும். ரேடியான் ஆர்எக்ஸ் 7700எஸ் மாட்யூல் அறிமுகத்தில் 400 டாலர். அதிலுள்ள 8 ஜிபியும் சால்டர் செய்ததுதான்.