நாய் ஏன் பாதத்தை ஓயாமல் நக்குகிறது?

வெள்ளை நிற நாயொன்றின் முன்னங்காலைத் தூக்கி விரல்களை மெல்ல விரித்துப் பார்த்தால், இடுக்கிலுள்ள முடி மட்டும் துருவேறிய கம்பியைப் போலப் பழுப்பாக இருப்பதைச் சில வேளைகளில் காணலாம். அது மண்ணும் அல்ல, அழுக்கும் அல்ல. உமிழ்நீரிலுள்ள போர்ஃபைரின் என்னும் நிறமி நாட்கணக்கில் படிந்த கறை. நாய் அந்த இடத்தை எவ்வளவு காலமாக நக்கி வருகிறது என்பதற்கு அதுவே சாட்சி. பொழுதுபோகாமல் நக்குகிறது, பழக்கதோஷம் என்று வீட்டார் விட்டுவிடுவதுண்டு. பெரும்பாலும் அது அரிப்பின் அடையாளமே.

மனிதருக்குத் தூசியோ மகரந்தமோ ஒவ்வாவிட்டால் முதலில் தும்மலும் கண்ணீரும் வரும். அதே பொருள் நாய்க்கு ஒவ்வாவிட்டால் அதன் தோல் அரிக்கும். நாயின் மேல்தோல் மிக மெல்லியது. மனிதத் தோலில் பத்து முதல் பதினைந்து அடுக்குச் செல்கள் இருக்க, முடி மூடிய நாய்த் தோலில் மூன்று முதல் ஐந்து அடுக்குகளே உள்ளன. பரம்பரையாக ஒவ்வாமைக்கு ஆளாகும் நாய்களில், இச்செல்களை ஒன்றோடொன்று பிணைத்து நிற்கும் கொழுப்புப் பூச்சும் பழுதுபட்டிருப்பதால், வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிகளின் எச்சம், மகரந்தம், பூஞ்சை வித்து ஆகியவை தோல் வழியாகவே உள்ளே நுழைந்துவிடுகின்றன. இந்த நோய் பெரும்பாலும் ஆறு மாத வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தலைகாட்டும்.

உள்ளே நுழைந்த பொருளைப் பகையென்று எண்ணி, உடல் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. அது தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் என்னும் தற்காப்புச் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே பொருள் மறுமுறை வந்து தொட்டதும் அச்செல்கள் அரிப்பூட்டும் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளைக் கொட்டும். கதை இத்துடன் முடிந்திருந்தால், சளிக்கும் தும்மலுக்கும் நாம் விழுங்கும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரையே நாய்க்கும் போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் அம்மாத்திரையால் பல நாய்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி பலன் கிடைப்பதில்லை. காரணம், தற்காப்புச் செல்கள் சுரக்கும் இன்டர்லியூகின்-31 என்னும் புரதம் நேரே நரம்பு முனையில் போய் அமர்ந்து அரிப்பு உணர்வை மூளைக்கு அனுப்புகிறது; ஹிஸ்டமினைத் தடுத்தாலும் இந்தப் பாதை திறந்தேதான் இருக்கும். அண்மைக் கால மருந்துகள் குறிவைப்பது இந்தப் பாதையைத்தான். லோகிவெட்மாப் என்னும் ஊசிமருந்து அப்புரதத்தையே பிடித்து முடக்குகிறது. ஓக்லாசிடினிப் மாத்திரையோ, அப்புரதம் தரும் சமிக்ஞை செல்லுக்குள் பரவாமல் தடுக்கிறது.

பாதம் ஏன் இவ்வளவு அவதிப்படுகிறது? தரையிலும் புல்லிலும் உள்ள அனைத்தையும் முதலில் தொடுவது அதுதான். நாயின் உடலில் வியர்க்கும் இடமும் முக்கியமாகப் பாதத்தின் திண்டுதான். விரலிடுக்கில் காற்றோட்டம் இல்லை. வெதுவெதுப்பும் ஈரமும் தங்கிவிடும். அரிப்புக்காக நாய் நக்க நக்க ஈரம் கூடி, தோல் ஊறி, சாதாரணமாகவே அங்கு குடியிருக்கும் மலசீசியா என்னும் ஈஸ்டும் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவும் பல்கிப் பெருகுகின்றன. அவை தாமே அரிப்பை உண்டாக்குவதால் நாய் மேலும் நக்கும். பாதத்தை முகர்ந்தால் வரும் புளித்த நெடி, பெரும்பாலும் ஈஸ்டின் கைவரிசை. நாளடைவில் குட்டையான முடிகள் தோலுக்குள் திரும்பி ஏறி, விரலிடையில் சிவந்த கொப்புளங்களாக வெடிப்பதும் உண்டு.

எல்லாவற்றுக்கும் ஒவ்வாமைமேல் பழி போடவும் கூடாது. ஒரே ஒரு பாதத்தை மட்டும் நாய் நக்கினால் முள், புல்லின் கூரிய விதை, உடைந்த நகம் ஆகியவற்றைத் தேட வேண்டும். வால் தொடங்கும் இடத்தையும் இடுப்பையும் கடித்துக் குதறினால் தெள்ளுப்பூச்சியின் மேல் ஐயம் கொள்ள வேண்டும். அதன் உமிழ்நீர் ஒவ்வாத நாய்க்குச் சில கடிகளே போதும். தோலில் வாழும் நுண்பூச்சிகளால் வரும் சொறியா என்பதைக் கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தே சொல்ல முடியும். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய நம்பத்தக்க இரத்தப் பரிசோதனை கிடையாது. நாய் அதுவரை உண்டிராத புரதத்தையோ, சிறு துண்டுகளாகச் சிதைத்த புரதம் கொண்ட மருத்துவ உணவையோ எட்டு வாரங்கள் வேறெதுவும் கலக்காமல் கொடுத்து, அரிப்பு அடங்கிய பின் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பதே வழி. யாரோ ஒருவர் அன்போடு நீட்டும் ஒரு பிஸ்கட் இந்தச் சோதனையைப் பாழாக்கிவிடும்.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் மிகப் பயனுள்ளது, வெளியே போய் வந்ததும் பாதங்களை வெறும் நீரில் அலசுவது. அலசுவதைவிட, விரலிடுக்கு வரை ஒற்றி ஒற்றி உலர்த்துவதே முக்கியம் என்பேன். ஈரத்தோடு விட்டால் அலசியதே கெடுதலாகிவிடும். தொற்று இருந்தால் குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினி கலந்த ஷாம்புவை மருத்துவர் பரிந்துரைப்பார். நுரை பத்து நிமிடமாவது தோலில் தங்கிய பிறகே கழுவ வேண்டும். நாய்த் தோல் ஏறக்குறைய நடுநிலைத் தன்மையது, மனிதத் தோல் சற்று அமிலத் தன்மையது. ஆகவே நம் ஷாம்பு அதற்குப் பொருந்தாது. ஒவ்வாத பொருளைச் சிறிது சிறிதாக ஊசி வழியே செலுத்தி உடலைப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. அதன் பலன் தெரிய ஓராண்டுகூட ஆகலாம்.

பாதத்தில் தடவும் எதுவும் சில நிமிடங்களில் நாயின் வயிற்றுக்குள் போய்விடும் என்பதை மறக்கலாகாது. சொரியாசிஸுக்கு மனிதர் பூசும் கால்சிபோட்ரியால் களிம்பைச் சிறிதளவு நக்கினாலே நாயின் உயிருக்கு ஆபத்து. வலி நிவாரணக் களிம்புகளும் டீ ட்ரீ எண்ணெயும் நஞ்சாகலாம். மருத்துவர் கொடுத்த களிம்பையே தடவினாலும், அது தோலில் ஊறும் வரை பத்துப் பதினைந்து நிமிடங்கள் நாயோடு விளையாடியோ நடத்திச் சென்றோ அதன் வாயைப் பாதத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.