ஐநா செயலாளர் நாயகம் நீதிபதி அல்ல, அம்மா

போன கிழமையும் ஒரு அம்மா, காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக, பிளாஸ்டிக் கோவையோடு வந்தார். உள்ளே நாலு பக்க ஆங்கில மனு. முகவரி: "ஐநா தலைவர், நியூயோர்க்". எழுதிக் கொடுத்தவர் 15,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். மூன்று பக்கம் யுத்த வரலாறு. மகனை எந்த நாள், எங்கே, யார் கொண்டுபோனது என்று ஒரு வரி இல்லை. கேட்டேன். யோசிக்காமலே சொன்னார்: "2009 மே 18, வட்டுவாகல். பேரைப் பதிஞ்சுபோட்டு பஸ்ஸில ஏத்தினவங்கள்." முல்லைத்தீவில் சனம் இராணுவத்திடம் சரணடைந்த இடம் அது.

இது எத்தனையாவது மனு என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

நீங்கள் நினைக்கிற மாதிரி ஒரு தலைவர் ஐநாவுக்கு இல்லை. செயலாளர் நாயகம் நாடுகளுக்கு மேலதிகாரி அல்ல. ஐநா சாசனத்தின் 97ஆம் உறுப்புரை அவரைத் தலைமை நிர்வாக அதிகாரி என்றுதான் சொல்கிறது. பாதுகாப்புச் சபை சிபாரிசு செய்தால்தான் பொதுச்சபை அவரை நியமிக்கும். 1996இல் அப்போதைய செயலாளர் நாயகம் பூட்ரஸ் காலிக்கு அந்தச் சபையில் 15இல் 14 வாக்கு விழுந்தது. அமெரிக்கா மட்டும் வீட்டோ என்கிற தடுப்பு அதிகாரத்தால் மறுத்தது, இரண்டாம் தவணை போயிற்று. 2023 டிசம்பரில் அப்போது செயலாளர் நாயகமாக இருந்த குட்டரெஸ் காசாவுக்காக 99ஆம் உறுப்புரையைக் கையில் எடுத்தார். அவரிடம் இருக்கிற பெரிய ஆயுதமே அதுதான்: விடயத்தைப் பாதுகாப்புச் சபையின் கவனத்துக்குக் கொண்டுவரலாம். இரண்டே நாளில் போர்நிறுத்தத் தீர்மானம் அமெரிக்க வீட்டோவில் விழுந்தது. அவரா உங்கள் மனுவைப் பார்த்து கொழும்புக்குக் கட்டளை போடப்போகிறார்?

"ஜெனீவாவில இலங்கையைப் பற்றித் தீர்மானம் நிறைவேறினதே?" என்று கேட்பீர்கள். நிறைவேறியது. ஆனால் அதை நிறைவேற்றிய ஐநா மனித உரிமைகள் பேரவை நீதிமன்றம் அல்ல, வாக்குப் போடுகிற 47 அரசாங்கங்கள். 2021 மார்ச்சில் ஆதரவு 22, எதிர்ப்பு 11, இந்தியா உட்பட 14 நாடுகள் நடுநிலை. ஐநா மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலகம் வேறு, பேரவை வேறு. (சில சட்டத்தரணிகளே இதைக் குழப்புகிறார்கள், என்ன செய்ய.)

காணாமல் ஆக்கப்பட்டோருக்கென்று 1980இலிருந்தே ஐநாவில் தனிச் செயற்குழு இருக்கிறது. ஐந்து நிபுணர்கள். ஒரு சதமும் கட்டத் தேவையில்லை, சட்டத்தரணியும் வேண்டாம். அது தீர்ப்புச் சொல்லாது. "இந்த ஆள் எங்கே" என்று அரசாங்கத்திடம் கேட்கும். பெயர், நாள், இடம், கொண்டுபோனவர்கள் யார், எங்கெங்கே முறையிட்டீர்கள்: அதற்கு வேண்டியது இவ்வளவுதான்.

வெற்றுத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். பொலிஸ் முறைப்பாட்டின் மூலப்பிரதியை ஒருவரிடமும் கொடுக்காதீர்கள், போட்டோக்கொப்பி போதும். செயற்குழுவில் முன்பே பதிந்திருந்தால் புதிதாக எழுத வேண்டாம், தயவுசெய்து பழைய இலக்கத்தைத் தேடுங்கள்.

அந்த அம்மாவின் மனுவை ஒன்றரைப் பக்கத்தில் திருப்பி எழுதினோம். காசைத் திரும்பக் கேளுங்கோ என்றேன். "விடு பிள்ளை, அவரும் நல்ல மனசோடதான் எழுதித் தந்தவர்" என்றார்.