எர்த் வயரை வெட்டாதீர்கள், தம்பிமாரே

போன கிழமை ஒரு அம்ப், அதாவது கிற்றார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, என் மேசைக்கு வந்தது. "இரையுது அண்ணை, ஒருக்காப் பாருங்கோ" என்றான் கொண்டுவந்த பெடியன். பிளக்கைத் திறந்தேன். கசியும் கறண்டை மண்ணுக்கு இறக்கும், பச்சையும் மஞ்சளுமான எர்த் வயர் அடியோடு வெட்டப்பட்டு, வெட்டிய முனை கறுப்பு டேப்பால் நேர்த்தியாகச் சுற்றப்பட்டிருந்தது. மற்ற இரண்டு வயரும் திருகாணியில் இறுக்கமாகவே இருந்தன. தானாகக் கழன்று விழுந்ததல்ல, யோசித்துச் செய்த வேலை. விசாரித்தால், மாங்குளம் பக்கம் ஒரு கோயில் மேடையில் இதே அம்பில் வாசித்தவனுக்கு மைக்கில் வாய் பட்டதும் ஷொக் அடித்திருக்கிறது. உதடு வெந்து அப்படியே விழுந்திருக்கிறான். பக்கத்தில் நின்ற ஒருவர் ஓடிப்போய் மெயினை நிறுத்தியதால் இன்றைக்கு அவன் உயிரோடு இருக்கிறான். அதற்குப் பிறகும் அம்ப் என்னிடம் வந்தது இரைச்சலைப் பார்க்கத்தான்!

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று வயரிங்கும் அம்ப் திருத்துவதும்தான் என் தொழில். வெட்டிய எர்த் வயர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

நான் கிற்றாருக்கு எதிரி இல்லை. நிர்வானா, சோனிக் யூத் என்ற அமெரிக்க றொக் குழுக்களைக் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. போர்க்காலம் முழுக்கக் கறண்ட் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட வன்னி இது. அதே வன்னியில் இன்று ஒரு பெடியன் பழைய யப்பான் கிற்றாரை வாங்கி, சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷன் பெடலை மிதித்து, அம்புக்கு முன்னால் திரும்பி நின்று ஃபீட்பேக் என்ற அந்த ஊளைச் சத்தத்தை இழுத்து விளையாடுகிறான். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொல்லத் தெரியவில்லை. அவனைப் பிணமாகப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

"எர்த்தைக் கழற்றினால் இரைச்சல் போயிடும் அண்ணை." இந்த ஒரு வசனம்தான் என்னை எரிச்சல்படுத்துவது. யார் முதலில் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது, மேடைக்கு மேடை பரவிவிட்டது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

கிற்றார் இரைவதற்குக் காரணங்கள் வேறு வேறு. ஒன்று, கிற்றாரே பிடிக்கும் இரைச்சல். பிக்அப் என்பது கிற்றார் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பாகம். அதில் சிங்கிள் கொயில் என்பது காந்தத்தின்மேல் சுற்றிய ஒரே கம்பிச் சுருள். பக்கத்தில் ட்ரான்ஸ்போமர், பழைய டியூப் லைட், டிம்மர் என்று எது இருந்தாலும் அதன் காந்தப் புலத்தை இழுத்துக்கொள்ளும். நம் கறண்ட் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அந்த ஊமென்ற ஒலி வருகிறது. இதற்கும் உங்கள் பிளக்கின் எர்த் பின்னுக்கும் சம்பந்தமே இல்லை. எர்த்தை வெட்டினாலும் இரையும், வெட்டாவிட்டாலும் இரையும். இதைத் தீர்க்கத்தான் 1955இல் கிப்சன் கிற்றார் கொம்பனியில் சேத் லவர் இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கர் என்ற பிக்அப்பைச் செய்தார். நிர்வானாவின் கேர்ட் கோபேனின் 1965ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாகுவாரில் இருந்ததும் ஹம்பக்கர்கள்தான். சிங்கிள் கொயில் சத்தம்தான் வேண்டும் என்றால், அம்பிலிருந்து நாலடி தள்ளி நின்று உடம்பைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் இரைச்சல் நன்றாகக் குறையும். கிற்றாரின் உள்குழியில் செப்புத் தாள் ஒட்டி, அதை உள் கிறவுண்டோடு இணைத்தால் சரசரப்பும் குறையும்.

மற்றது கிறவுண்ட் லூப். அம்ப் ஒரு பிளக் பேஸில், மைக்குகள் எல்லாம் வந்து சேரும் மிக்சர் எங்கோ தூரத்தில் இன்னொன்றில், இரண்டையும் இணைக்க ஒரு கேபிள். எர்த் இரண்டு வழியாக ஓடுவதால் இரைகிறது. இங்கேதான் எர்த்தை வெட்டினால் இரைச்சல் உண்மையிலேயே போகும். போவதால்தான் பெடியள் நம்புகிறார்கள். ஆனால் அதோடு உங்கள் உயிருக்கு இருந்த காவலும் போகிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து எடுத்தால் பெரும்பாலும் இரைச்சல் அடங்கிவிடும். அடங்காவிட்டால் அம்புக்கும் மிக்சருக்கும் நடுவே மாட்டும் டிஐ பொக்ஸ் என்ற சின்னப் பெட்டியில் கிறவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதைத் தட்டுங்கள். அது சிக்னல் கேபிளின் கிறவுண்டை மட்டும் பிரிக்கும், கறண்டின் எர்த்தைத் தொடாது. ஒரு சுவிட்சில் முடிகிற வேலைக்குக் கத்தரிக்கோல் எடுக்கிறீர்கள்.

கிற்றாரின் கம்பிகள், அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக, கேபிள் வழியாக, அம்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்தே இருக்கின்றன. சட்டத்துக்குக் கறண்ட் வந்தால் உங்கள் விரலுக்கும் வந்துவிட்டது. மைக்கின் வலையோ மிக்சர் வழியாக நல்ல எர்த்தில் இருக்கிறது. கை கம்பியில், உதடு மைக்கில், நடுவில் நெஞ்சு. 230 வோல்ட்.

இது வெளிநாட்டிலும் நடந்த கதைதான். ஸ்டோன் த குறோஸ் குழுவின் கிற்றார்காரர் லெஸ் ஹார்வி 1972 மே 3இல் சுவான்சியில் மேடையிலேயே மைக்கைத் தொட்டு இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் றெல்ஃப் 1976இல் வீட்டில் கிற்றார் வாசிக்கும்போதே ஷொக் அடித்துப் போனார். 1965இல் அமெரிக்காவின் சாக்கிரமென்டோவில் றோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் றிச்சர்ட்ஸின் கிற்றார் மைக் ஸ்டாண்டில் பட்டு அவர் மயங்கி விழுந்தார், தப்பினார். அவ்வளவு பெரிய குழுக்களுக்கே இதுதான் நிலைமை.

"ஃபியூஸ் இருக்குத்தானே அண்ணை" என்று அடுத்த கேள்வி வரும். பிளக்கின் 13 அம்பியர் ஃபியூஸ் வயரைக் காப்பாற்ற வைத்தது, உங்களை அல்ல. மனித இதயத்தைக் குழப்ப அம்பியரில் ஒரு சின்னப் பங்கு போதும். இலங்கையில் வீட்டு எர்த் என்பது நாமே மண்ணில் இறக்கும் கம்பி. அதன் தடை 100 ஓம் என்று வையுங்கள். கறண்ட் வரும் லைன் வயர் சட்டத்தில் பட்டால் ஓடுவது வெறும் 2.3 அம்பியர். ஃபியூஸ் அசையாது, சட்டம் அப்படியே கறண்டோடு நிற்கும். உங்களைக் காப்பாற்றுவது, 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழுந்து கறண்டை நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச். எர்த்தும் ட்ரிப் சுவிட்சும் சேர்ந்துதான் காவல். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி வயர் இழுக்கும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். அது சும்மா விழுவதில்லை! எங்கோ கசிகிறது என்று சொல்கிறது. கசிவைத் தேடுங்கள்.

வன்னிக்கு என்று சில தனி ஆபத்துகளும் இருக்கின்றன. நமக்கு மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழியோடு ஓய்கிறது. திருவிழாக்களில் பலதும், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் உட்பட, கொதிக்கும் வெயில் மாதங்களில். அப்போது மண் காய்ந்து எர்த் கம்பியின் தடை ஏறிவிடும். மழைக்காலத்தில் நன்றாக இருந்த எர்த் என்று நம்பாதீர்கள். மேடைக்கு அரையடி இரும்பாணியைத் தட்டி "எர்த் போட்டாச்சு" என்பவர்களை எப்படித் திட்டுவதென்றே தெரியவில்லை. செப்புப் பூசிய கம்பி நாலைந்து அடியாவது இறங்க வேண்டும், சுற்றிவர மண்ணை ஈரமாக வைத்திருக்க வேண்டும். ஆனால் அதே ஈரம் மேடையில் ஆகாது. கோயில் வளவு என்றால் எல்லோரும் வெறுங்கால், புழுதி அடங்கத் தண்ணீரும் தெளித்திருப்பார்கள். காலுக்கடியில் காய்ந்த பலகை, அதன்மேல் தடித்த ரப்பர் விரிப்புப் போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

ஜெனரேற்றர் பற்றி: அம்ப் ஜெனரேற்றரில், மிக்சர் பக்கத்து வீட்டு லைனில் என்று கலக்கவே வேண்டாம். சின்ன ஜெனரேற்றர் பலவற்றில் நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்பட்டிருக்காது, ட்ரிப் சுவிட்ச் மாட்டினாலும் அது நினைத்தபடி விழாது. அந்த இணைப்பைத் தெரிந்த மின்தொழிலாளி வந்து போட வேண்டும். நீங்கள் தொடாதீர்கள்.

யப்பான் அம்ப் வாங்குகிறவர்களுக்கு. அது 100 வோல்ட், இரண்டு பின், பச்சை நிறத்தில் ஒரு தனி வயர் வெளியே தொங்கும். அந்தப் பச்சை வயர்தான் எர்த், அதைத்தான் முதலில் வெட்டி எறிகிறார்கள். நம் 230 வோல்ட்டை அதற்கேற்பக் குறைக்கும் மலிவான ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் பலவும் வோல்ட்டை மட்டும் குறைக்கும், லைனிலிருந்து உங்களைப் பிரிக்காது. ட்ரான்ஸ்போமரின் இரண்டு சுருளும் தனித்தனியாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பழைய வால்வ் அம்புகள் சிலவற்றில் லைனுக்கும் சட்டத்துக்கும் நடுவே கெப்பாசிற்றர் என்ற ஒரு சின்னப் பாகம் இருக்கும். அது பழுதானால் சட்டம் முழுக்கக் கறண்ட். அந்தக் கெப்பாசிற்றரை எடுத்துவிட்டு மூன்று பின் வயர் போடச் சொல்லி என்னைப்போல் ஒருவரிடம் கொடுங்கள், சின்ன வேலைதான். பிளக் பேஸின் எர்த் துளையில் நெருப்புக்குச்சி குத்தி இரண்டு பின்னைச் செருகும் பழக்கத்தையும் இன்றோடு விடுங்கள்.

மைக்கில் உதடு பட்டு "சுள்" என்றால் வாசிப்பை நிறுத்துங்கள். "கொஞ்சம்தான் அடிக்குது" என்று ஒரு பாட்டு முடிக்க வேண்டாம். பெரும்பாலும் அது எர்த் எங்கோ விட்டுப்போனதற்கான அறிகுறி. மேடை ஏறுமுன் மல்டிமீற்றரை ஏசி 250க்கு மேல் வைத்து ஒரு முனையைக் கிற்றார் கம்பியிலும் மற்றதை மைக் வலையிலும் வைத்துப் பாருங்கள். பத்து இருபது வோல்ட் காட்டினாலே வாசிக்காதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். மைக்குக்கு ஸ்பொஞ்ச் மூடி போடுங்கள், அதுவும் கொஞ்சம் உதவும். முடிந்தால் கிற்றாருக்கு வயர்லெஸ் வாங்குங்கள். கேபிள் இல்லையென்றால் அம்பிலிருந்து உங்கள் கைக்கு வரும் வழியே அறுந்துவிடுகிறது.

யாருக்காவது அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை நிறுத்துங்கள். மெயின் எங்கே என்று நிகழ்ச்சிக்கு முன்பே ஒருவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும், நிகழ்ச்சி முடியும்வரை அவர் அங்கேயே நிற்க வேண்டும். நிறுத்த முடியாவிட்டால் காய்ந்த தடியால் வயரைத் தள்ளுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவே வேகமாக, ஆழமாக அழுத்தத் தொடங்கி, இன்னொருவரை 1990 அம்புலன்ஸுக்கு அழைக்கச் சொல்லுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று வீட்டுக்கு அனுப்பவும் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இதயத்துக்கு ஈசிஜி எடுங்கள்.

பெற்றோர் சிலர் "அப்ப பிள்ளையிட்டை இருந்து கிற்றாரைப் பறிச்சு வைக்கட்டோ தம்பி?" என்று கேட்கிறார்கள். வேண்டாம் அம்மா. பிள்ளை வாசிக்கட்டும். நீங்கள் மீற்றர்ப் பெட்டிக்குப் போய் ட்ரிப் சுவிட்சில் "T" என்ற ஆங்கில எழுத்துப் போட்ட சின்னப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். மாதம் ஒருமுறை இப்படிச் செய்யுங்கள். விழவில்லையென்றால், அல்லது அப்படியொரு சுவிட்சே வீட்டில் இல்லையென்றால், அதைப் பூட்டும்வரை அம்பின் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.