கானாங்கத்தய காணோம்: தேடுற பாக்ஸ் பக்கத்துல ஒரு குட்டி லிஸ்ட் இருக்கே, அது எதுக்கு?

எதிர் வீட்டு ஆயா முப்பது வருஷமா காசிமேட்டுல மீன் விக்கிறாங்க. பேரன் காலேஜ்ல விலங்கியல். அவனுக்கு ஒரு ப்ராஜக்ட் குடுத்துட்டாங்க, காசிமேடு ஹார்பர்ல எறங்குற இருபது அயிட்டம் எழுதி ஒவ்வொண்ணுக்கும் அறிவியல் பேரு போட்டு வரணுமாம். லிஸ்ட்ட ஆயா அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிச்சிட்டாங்க, வஞ்சிரம், வவ்வால், சங்கரா, நெத்திலி, காரப்பொடி, கொடுவா, கானாங்கத்த, கடம்பா (அதான் கணவா), இறால்னு கடகடன்னு. பையன் லேப்டாப்ப தூக்கிகினு நேரா எங்க வீட்டுக்கு வந்துட்டான். ஃபிஷ்பேஸ்னு ஒரு சைட்டு, அதுல போட்டா பாதி மீனுக்கு ஒண்ணுமே வரலயாம். பின்னாடியே ஆயாவும் வந்து நிக்கிறாங்க.

"இன்னா நைனா, ஒலகத்து மீனெல்லாம் இதுக்குள்ள கீதுன்றான், நாம துன்ற கானாங்கத்த மட்டும் இல்லியாமே?"

இருக்கு ஆயா, இவன் கேட்ட விதம்தான் சரியில்ல.

ஃபிஷ்பேஸ் பத்தி ரெண்டு வரி சொல்லிடுறேன். டேனியல் பாலி, ரெய்னர் ஃப்ரோஸ்னு ரெண்டு மீன் விஞ்ஞானிங்க பிலிப்பைன்ஸ்ல உக்காந்து ஆரம்பிச்ச வேலை, 1996-ல இன்டர்நெட்டுக்கு வந்துச்சு, இப்ப 35,000 மீன் வகைக்கு மேல இருக்கு, அந்த மீனுங்களுக்கு பல மொழியில மக்கள் கூப்புடுற பேரு மட்டும் 3 லட்சத்துக்கு மேல. ஃப்ரீ தான், யார் வேணா பாக்கலாம். ஆனா துடுப்பு இருக்குற மீனு மட்டும்தான் அதுல, நம்ம பையன் இறாலையும் கடம்பாவையும் அதுல போட்டு அரை மணி நேரம் தேடிகினு இருந்திருக்கான், அதுங்களுக்கு சீலைஃப்பேஸ்னு தனி சைட்டு இருக்கு. எந்த கடையில எது விக்கிதுன்னு தெரியாம போனா அப்படித்தான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த சைட்டுல பேரு அடிக்கிற பாக்ஸ் பக்கத்துலயே சின்னதா ஒரு லிஸ்ட் இருக்கும், தொறந்தா நாலு ஆப்ஷன். இதேதான், இதுல ஆரம்பிக்கும், இது உள்ள இருக்கும், இதுல முடியும், அவ்ளோதான் அர்த்தம். நம்மள்ல யாரும் அத தொட மாட்டோம், கூகுள் பழக்கம், தப்பா அடிச்சாலும் அதுவே 'இதையா கேட்ட'ன்னு திருத்தி குடுத்துடும்ல. டேட்டாபேஸுக்கு அந்த தாராள மனசு கெடையாது. அதுக்கு மீன தெரியாது, ருசி தெரியாது, வெறும் எழுத்த எழுத்தோட ஒட்டி வச்சு பாக்கும், ஒரு எழுத்து ஒதச்சாலும் போய்யான்னு அனுப்பிடும்.

முதல் தப்பு, பையன் தமிழ்லயே அடிச்சிருக்கான். அதுல இருக்குற தமிழ் பேருங்க பெரும்பாலும் இங்கிலீஷ் எழுத்துல ஏத்துனது. சரி தமிழ்ல ஏத்தியிருந்தா பிரச்சனையே இல்லன்னு நெனைக்காதீங்க, அதுல ஒரு கூத்து இருக்கு. கொடுவாவுல வர்ற 'கொ' இருக்குல்ல, யூனிகோடுல (கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் குடுக்குற முறை) அத ரெண்டு விதமா சேமிக்கலாம், க-வுக்கு அப்புறம் ஒகரக் குறி ஒரே துண்டா இருக்கலாம், இல்லன்னா கொம்பு தனியா கால் தனியான்னு ரெண்டு துண்டா இருக்கலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், பூதக்கண்ணாடி வச்சு பாத்தாலும் வித்தியாசம் தெரியாது. கம்ப்யூட்டருக்கு அது வேற இது வேற. தேடறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒரே மாதிரி மாத்திக்கணும்னு ப்ரோக்ராம் எழுதுனவரு யோசிச்சிருந்தா தப்பிச்சோம், இல்லன்னா கொடுவா கண்ணு முன்னாடி இருந்துகினே கெடைக்காது.

அப்புறம் இங்கிலீஷ்ல அடிச்சு பாத்திருக்கான், அங்க இன்னொரு வம்பு. இந்த மீனுக்கு புக்குல கானாங்கெளுத்தி, மார்க்கெட்ல கானாங்கத்த. 'கா'வுக்கு ஒரு ஏ போடறதா ரெண்டு ஏ போடறதா, 'ளு'வுக்கு எல் போடறதா, கெழுத்தின்னு எழுதறவரு மாதிரி இசட் ஹெச் போடறதா, 'த்தி'க்கு ஒத்த டி-யா ரெட்ட டி-யா ஹெச் உண்டா இல்லியா. எந்த காலத்து ரிப்போர்ட்லேர்ந்து யாரு எடுத்து ஏத்துனாங்களோ அவங்க காதுக்கு கேட்டபடி இருக்கும். இந்த நெலமைல 'இதேதான்'னு ஆப்ஷன் வச்சு முழு பேரையும் அடிச்சா லாட்டரி சீட்டு வாங்குன மாதிரிதான்.

அதனால நான் பையன்கிட்ட கேட்டது ஒண்ணுதான், இந்த பேர்ல எந்த எழுத்து எப்டி எழுதுனாலும் மாறாதுன்னு நீ சத்தியம் பண்ணுவ? முன்னாடி இருக்குறதுன்னா 'ஆரம்பிக்கும்', நடுவுலன்னா 'உள்ள இருக்கும்', கடைசின்னா 'முடியும்'. வஞ்சிரத்துக்கு அது சுலபம், வஞ்சரம்னு எழுதுனாலும் வஞ்சிரம்னு எழுதுனாலும் வி, ஏ, என், ஜே வரைக்கும் ஒண்ணுதான், அந்த நாலு எழுத்த மட்டும் போட்டு 'ஆரம்பிக்கும்' வச்சா போதும், மிச்சத்த அடிக்கவே கூடாது. ரொம்ப எழுத்து அடிச்சா சரியா கெடைக்கும்னு ஒரு நெனப்பு நமக்கு, இங்க நேர் எதிர்.

அந்த நாலு ஆப்ஷன்ல மெஷினுக்கு எது சுளுவு எது கஷ்டம்னு பாத்தா செம இன்ட்ரஸ்டிங்கா இருக்கும். பேருங்கள அகர வரிசையில அடுக்கி உள்ள ஒரு இன்டெக்ஸ் வச்சிருப்பாங்க, பழைய டெலிபோன் டைரக்டரி மாதிரி. வஞ்சிரத்த தேடணும்னா நடுப்பக்கத்த தொற, அங்க எம்-ல ஆரம்பிக்கிற பேரு இருந்தா முன் பாதிய தூக்கி போட்டுடு, மிச்சத்துல மறுபடி நடுவ தொற. 3 லட்சம் ஒண்ணரை லட்சமாவும், அது 75,000 ஆவும், இப்டியே பாதி பாதியா கொறஞ்சு 19 தடவைக்குள்ள மெஷின் சரியான எடத்துக்கு வந்துடும். நெசத்துல பி-ட்ரீன்னு ஒரு அமைப்பு வச்சிருப்பாங்க, ஒரே தடவைல பாதியா பிரிக்காம நூறு எறநூறு கிளையா பிரிச்சுக்கும், அதனால மூணு நாலு தாவல்லயே முடிஞ்சுடும்.

'உள்ள இருக்கும்'னு கேட்டீங்கன்னா இந்த அடுக்கு வேலைக்கு ஆவாது. டைரக்டரிய வச்சுகினு நடுவுல 'குமார்' வர்ற ஆளுங்கள எல்லாம் எடுன்னா என்ன பண்ணுவீங்க, மொத பக்கத்துலேர்ந்து கடைசி பக்கம் வரைக்கும் புரட்டித்தான் ஆவணும். அதேதான், 3 லட்சம் பேரையும் ஒண்ணொண்ணா பாக்கும். இத தவிர்க்க சில டேட்டாபேஸ்ல ஒவ்வொரு பேரையும் மூணு மூணு எழுத்தா முன்கூட்டியே நறுக்கி, எந்த துண்டு எந்தெந்த பேர்ல இருக்குன்னு தனி இன்டெக்ஸ் போட்டு வச்சிருப்பாங்க, கருவாட்டு கடையில தலை தனியா துண்டு தனியா கூறு கட்டுற மாதிரி. 'முடியும்' ஆப்ஷனுக்கு இன்னும் குறும்பான வழி ஒண்ணு இருக்கு, எல்லா பேரையும் திருப்பி எழுதி அடுக்கி வச்சுட்டா முடியறது ஆரம்பிக்கிறதா ஆயிடும்.

'உள்ள இருக்கும்' வச்சா எல்லாமே கெடைச்சுடும்ல, அப்புறம் எதுக்கு மிச்ச மூணும்னு பையன் கேட்டான். நல்ல கேள்விதான். கெளுத்தின்னு மட்டும் போட்டு உள்ள தேடுனா கானாங்கெளுத்தி வரும், கூடவே ஆத்து கெளுத்தி, கடல் கெளுத்தின்னு மீசை வச்ச கூட்டமே வந்து நிக்கும், கானாங்கெளுத்திக்கும் அதுங்களுக்கும் எழுத்துல மட்டும்தான் ஒறவு, இது சூரை, வஞ்சிரத்தோட குடும்பம். வவ்வாலும் அதே கதை, வெள்ள வவ்வால் ஒரு குடும்பம், கருப்பு வவ்வால் பாறை மீனோட குடும்பம், பேரு ஒண்ணா இருக்குறதால ரெண்டும் சேந்து வரும். வலைய பெருசா விரிச்சா மீனும் ஜாஸ்தி, குப்பையும் ஜாஸ்தி. அந்த மாதிரி நேரத்துல ஒவ்வொரு பேரு பக்கத்துலயும் எந்த மொழி, எந்த நாடுன்னு போட்டிருப்பாங்க, அத பாத்து தமிழ், இந்தியான்னு இருக்குறத மட்டும் எடுத்துக்கணும். ஒரு எழுத்தும் நிச்சயமா தெரியலன்னா நாட்ட வச்சு உள்ள போலாம், இந்தியான்னு எடுத்து கடல் மீன்னு குறுக்குனா லிஸ்ட் வரும், பெருசுதான், ஆனா போட்டோவ காட்டுனா ஆயா சொல்லிடுவாங்க.

கானாங்கத்தய அப்டித்தான் புடிச்சோம். அறிவியல் பேரு ராஸ்ட்ரெல்லிஜர் கனகுர்டா. பக்கத்துலயே அடைப்புக்குறிக்குள்ள குவியர், 1816-னு இருந்துச்சு. அந்த அடைப்புக்குறி சும்மா அழகுக்கு போட்டது கெடையாது, குவியர்ன்ற விஞ்ஞானி பேரு வச்சப்ப இந்த மீனு வேற பேரினத்துல (அறிவியல் பேரோட மொத சொல்லு) இருந்துச்சு, பின்னாடி மாத்திட்டாங்கன்னு அர்த்தம். குவியர் வச்சது ஸ்காம்பர் கனகுர்டா. பழைய புக்குல அந்த பேர பாத்துட்டு தேடறவங்களுக்காக பழைய பேரையும் தூக்கி போடாம வச்சு புது பேரோட முடிச்சு போட்டிருப்பாங்க. ரெண்டு சொல்லுல மொத சொல்லுதான் அடிக்கடி மாறும், ரெண்டாவது பெரும்பாலும் நெலச்சு நிக்கும், அதனால பழைய பேரு கைல இருந்தா மொத பாக்ஸ காலியா விட்டுட்டு ரெண்டாவத மட்டும் அடிச்சு பாக்கலாம்.

"கனகுர்டாவா?" ஆயா ஸ்க்ரீன்கிட்ட குனிஞ்சாங்க. "இது ஆந்திராகாரங்க கூப்புடுற பேராச்சே. நம்ம போட்ல வர்ற பசங்க கனகுர்த்தன்னுதான் சொல்லும்."

கரெக்டு. பேட்ரிக் ரஸ்ஸல்னு ஒரு டாக்டர் விசாகப்பட்டினத்துல 200 மீன சேத்து, அங்க மீனவங்க சொன்ன தெலுங்கு பேரையே எழுதி 1803-ல புக்கா போட்டாரு, பாரிஸ்ல இருந்த குவியர் அத அப்டியே எடுத்துக்கினாரு. இத சொன்னதும் பையன் வேகமா நோட்ல எழுதிக்கினான். ஆயா அவன் தலைல ஒரு தட்டு தட்டி, "என்னாண்ட கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே"ன்னுட்டு கூடைய எடுத்துகினு கெளம்பிட்டாங்க.